ஈரம் ஏறிய கடைவீடும் இரண்டாண்டுக் கணக்கும்

வாசகர் கடிதம் (சுருக்கம்):

"வணக்கம் ஐயா. எனக்கு வயது 57. பட்டர்வொர்த்தில் வசிக்கிறேன், துறைமுகத்தில் 32 ஆண்டுகள் வேலை செய்து ஓய்வு பெற்றேன். ஊழியர் சேமநிதியிலிருந்து 5 லட்சத்து 50 ஆயிரம் ரிங்கிட் எடுத்து, ஜார்ஜ்டவுனில் ஜாலான் பினாங்குக்கும் ஜாலான் டிரான்ஸ்ஃபருக்கும் இடையிலுள்ள ஒரு சந்தில், போருக்கு முந்திய இரட்டை மாடிக் கடைவீடு ஒன்றை 9 லட்சத்து 80 ஆயிரத்துக்கு வாங்க எண்ணியிருக்கிறேன். வங்கி 70 விழுக்காட்டுக் கடனை 13 ஆண்டுகளுக்குத் தர ஒப்புக்கொண்டது. என் அக்காள் மகன் கட்டடக் குத்தகை வேலை செய்கிறார். சுவர் முழுவதும் சிமெண்டு பூசி, தரைக்கு ஓடு பதித்து, பழைய மரச் சன்னல்களை எடுத்துவிட்டு அலுமினியச் சன்னல் மாட்டி, நடுமுற்றத்தையும் மூடி, நான்கு மாதத்தில் 1 லட்சத்து 80 ஆயிரத்துக்கு முடித்துத் தருவதாகச் சொல்கிறார். வீடு பாரம்பரிய எல்லைக்கு வெளியே இருப்பதால் அனுமதி தேவையில்லை என்பது முகவரின் வாக்கு. மாடியில் 31 ஆண்டுகளாகக் கடிகாரம் பழுதுபார்க்கும் பெரியவர் ஒருவர் குடியிருக்கிறார். அவர் தாமாகவே போய்விடுவார் என்றும் முகவர் சொல்கிறார். வேலை முடிந்ததும் மாதம் 4,500 ரிங்கிட்டுக்கு ஒரு கஃபேக்கு வாடகைக்கு விடுவதா, இரண்டு ஆண்டில் 14 லட்சத்து 50 ஆயிரத்துக்கு விற்பதா? எது நல்லது என்று சொல்லுங்கள்."

அன்புள்ள வாசகருக்கு வணக்கம்.

வாடகையா விற்பனையா என்ற உங்கள் கேள்விக்கு வருவதற்கு முன்னால், முகவர் சொன்ன ஒரு தகவலைத் திருத்திவிடுகிறேன். அது தவறாக இருக்கும்போது அதன்மேல் கட்டிய கணக்கு எதுவும் நிற்காது. ஜார்ஜ்டவுனும் மலாக்காவும் 2008 ஜூலை 7 அன்று யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்க்கப்பட்டபோது, ஜார்ஜ்டவுனுக்கு இரண்டு எல்லைகள் வகுக்கப்பட்டன. 109.38 ஹெக்டர் பரப்புள்ள மையப் பகுதி வடமேற்கே லோரோங் லவ்வோடு முடிந்துவிடுகிறது; அதைச் சூழ்ந்துள்ள 150.04 ஹெக்டர் காப்புப் பகுதி ஜாலான் டிரான்ஸ்ஃபர் வரை நீள்கிறது. நீங்கள் சொல்லும் சந்து மையத்துக்கு வெளியே இருப்பது உண்மை. காப்புப் பகுதிக்குள் இருப்பதும் அதே அளவு உண்மை. "மையத்துக்கு வெளியே" என்பதை "எல்லைக்கு வெளியே" என்று சுருக்கிச் சொல்லும் பழக்கம் இந்த ஊரில் பல முகவர்களிடம் உண்டு. அவர்கள் எல்லாரும் ஏமாற்றுக்காரர்கள் அல்லர், பலர் வரைபடத்தை விரித்துப் பார்த்ததே இல்லை.

2016இல் அரசிதழில் வெளியிடப்பட்ட சிறப்புப் பகுதித் திட்டம் இரண்டு பகுதிகளுக்கும் பொருந்தும். அதில் பாரம்பரியக் கட்டடங்கள் முதல் வகை, இரண்டாம் வகை என்று பிரிக்கப்பட்டு, ஒவ்வொன்றிலும் எதை மாற்றலாம், எதைத் தொடக்கூடாது என்பது எழுதப்பட்டிருக்கிறது. உங்கள் வீட்டு எண்ணைக் கொடுத்து அது எந்த வகை என்று மாநகர் மன்றத்தின் பாரம்பரியப் பிரிவிலும், ஜார்ஜ்டவுன் உலகப் பாரம்பரிய நிறுவனத்திலும் கேட்டறிந்துகொள்ளுங்கள். இதற்கு ஒரு காலைப் பொழுது போதும். மரச் சன்னலை எடுத்துவிட்டு அலுமினியம் மாட்டுவதும், நடுமுற்றத்தை மூடுவதும் அங்கே ஒப்புக்கொள்ளப்படாத மாற்றங்களில் முன்வரிசையில் நிற்பவை. கூரை, முகப்பு, உட்சுவர் ஆகியவற்றில் கைவைப்பதற்கும், குடியிருப்பைக் கஃபேயாக மாற்றுவதற்கும் பதிவுபெற்ற கட்டடக் கலைஞர் ஒருவர் வரைபடம் போட்டு விண்ணப்பிக்க வேண்டும்; விண்ணப்பம் தொழில்நுட்ப ஆய்வுக் குழுவின் பார்வைக்கும் போகும். பயன்பாடு மாறினால் தீயணைப்பு மீட்புத் துறையின் நிபந்தனைகளும் சேர்ந்துகொள்ளும். வரைபடத்தில் திருத்தம் கேட்டால் மறுபடியும் வரிசையில் நிற்க வேண்டும் என்பதால், அனுமதிக்கென்றே ஆறு மாதத்தை ஒதுக்கி வைக்காத முதலீட்டாளரை நான் இந்தத் தொழிலில் புதியவர் என்றே எடுத்துக்கொள்வேன். ஆகவே மருமகனின் நான்கு மாதம் வேலைக்கான காலம் மட்டுமே. கடன் தவணை ஓடத் தொடங்கும் நாளிலிருந்து முதல் வாடகை கைக்கு வரும் நாள் வரை பதினான்கு மாதம் என்று வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

இனி மருமகனின் சிமெண்டுக்கு வருகிறேன். அவருடைய நேர்மையை நான் சந்தேகிக்கவில்லை. புதிய தாமான் (குடியிருப்புப் பேட்டை) வீடுகளில் அவர் செய்யும் வேலை நன்றாகவே இருக்கக்கூடும். கோளாறு, புதிய வீட்டின் மருந்தைப் பழைய வீட்டுக்குக் கொடுப்பதில் இருக்கிறது. போருக்கு முந்திய கடைவீட்டின் சுவர் மென்மையான செங்கல்லைச் சுண்ணாம்புச் சாந்தில் வைத்துக் கட்டியது. இக்காலக் கட்டடங்களில் அடிமட்டத்தில் வைக்கிற ஈரத்தடுப்பு அடுக்கு அதில் கிடையாது. ஜார்ஜ்டவுன் கடலோரம், நிலத்தடி நீர் மேலாகவே நிற்கும். அந்த நீரைச் செங்கல் விளக்குத்திரி எண்ணெயை உறிஞ்சுவதுபோல் மேலே இழுக்கிறது. பழைய கொத்தனார்களுக்கு இது தெரியாததல்ல. சுண்ணாம்புப் பூச்சு மூச்சுவிடும். ஏறிய ஈரம் முழங்கால் உயரத்திலேயே காற்றில் போய்விடும். நடுமுற்றத்தைத் திறந்தே விட்டதும், மாடிச் சன்னலுக்கு மேல் காற்றுத் துளைகள் வைத்ததும் அழகுக்காக மட்டுமல்ல, அந்த ஈரம் வெளியேறும் வழிக்காகவும்தான்.

அதே சுவருக்குச் சிமெண்டு பூசினால் ஈரம் வெளியே வர வழியில்லாமல், வழி கிடைக்கும் உயரம் வரை ஏறிக்கொண்டே போகும். நீரோடு வந்த உப்பு பூச்சுக்குப் பின்னால் படிகமாகித் திரளும்போது அதன் விரிவு செங்கல்லின் முகத்தையே உதிர்த்துவிடும். முழங்காலில் நின்ற ஈரம் மார்பளவுக்கும், சில வீடுகளில் மாடித்தளத்தைத் தாங்கும் மர உத்தரங்களின் முனை வரைக்கும் போய்விடுவதை நான் பார்த்திருக்கிறேன். உத்தரத்தின் முனை சுவருக்குள் புதைந்திருக்கும் இடம்தான் கடைவீட்டின் நாடி. அது நனைந்தால் கரையான் வரும், கரையான் வந்தால் மாடி இறங்கும்.

இதை நான் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. 2003இல் என் தந்தையார் விட்டுச் சென்ற ஒரு கடைவீட்டின் கீழ்த்தளத்துக்கு, ஒரு குத்தகையாளரின் பேச்சைக் கேட்டு, நீர்த்தடுப்புக் கலவை சேர்த்த சிமெண்டைப் பூச வைத்தேன். கட்டட அளவையாளன் என்று பெயர்ப்பலகை வைத்துக்கொண்டே அதைச் செய்தேன் என்பதுதான் வெட்கம். முதல் ஆண்டு சுவர் பளபளவென்று இருந்தது. இரண்டாவது மழைக்காலத்தில் என் இடுப்பு உயரத்தில் சாயம் கொப்புளம் கொப்புளமாக எழும்பியது. ஒன்றை நகத்தால் கீறியபோது உள்ளேயிருந்து வெள்ளை மாவு கொட்டியது. என் தாயார் அதைத் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு, "உப்புடா இது" என்றார். ஐந்தாம் ஆண்டில் மாடித்தளம் ஒரு மூலையில் அரை அங்குலம் இறங்கியிருந்தது. அந்தச் சிமெண்டை உளியால் கொத்தி எடுப்பதற்கு, அதைப் பூசியதற்கு ஆனதைவிட மூன்று மடங்கு செலவானது. சிமெண்டோடு செங்கல்லின் தோலும் பெயர்ந்து வந்ததுதான் காரணம்.

செய்ய வேண்டிய முறை மெதுவானது. ஏற்கெனவே யாரேனும் சிமெண்டு பூசியிருந்தால் அதை எடுத்துவிட்டுச் சுவரைச் சில மாதங்களாவது உலர விட வேண்டும். ஈரக் காகிதக் கூழையோ களிமண் பற்றையோ அப்பி, அது காய்ந்து உப்பை இழுத்துக்கொண்ட பிறகு உரித்தெடுக்க வேண்டும். உப்பு மிகுந்த சுவருக்கு இதை இரண்டு மூன்று முறை செய்ய நேரும். அதன்பின் நன்றாக நீற்றி ஊறவைத்த சுண்ணாம்பில் மணல் கலந்து, ஒரு பூச்சுக்கு அரை அங்குலத்தைத் தாண்டாமல் பூசி, ஈரச் சாக்கைத் தொங்கவிட்டு மெதுவாக இறுக விட வேண்டும். சுண்ணாம்பு சிமெண்டைப்போல் ஓரிரவில் இறுகுவதில்லை. காற்றிலுள்ள கரியமில வாயுவைக் கொஞ்சம் கொஞ்சமாக வாங்கித்தான் கல்லாகிறது. அவசரப்பட்டு எண்ணெய்ச் சாயமோ சாதாரண நெகிழிச் சாயமோ அடித்தால் அந்த மூச்சு அடைபட்டுவிடும். மேலே சுண்ணாம்பு வெள்ளைதான் அடிக்க வேண்டும். கடுக்காய்த் தண்ணீரும் கருப்பட்டியும் சேர்த்துச் சாந்து குழைப்பது நம் முன்னோர்க்குப் பழகிய கைவேலை என்பதையும், 1818இல் கட்டி முடிக்கப்பட்ட பினாங்கு செயின்ட் ஜார்ஜ் தேவாலயத்தை எழுப்பியது இந்தியக் கைதிகளின் உழைப்பு என்பதையும் நினைக்கும்போது, இன்று ஒரு தமிழ்க் குத்தகையாளர் "சுண்ணாம்பு நமக்குத் தெரியாத வேலை" என்று சொல்லக் கேட்பது எனக்குச் சற்று வருத்தமாகத்தான் இருக்கிறது. உங்கள் மருமகன் இளைஞராக இருந்தால், சுண்ணாம்பு வேலை தெரிந்த ஒரு கொத்தனாரின் கீழ் ஒரு வீட்டிலாவது நின்று பழகச் சொல்லுங்கள். இந்த ஊரில் அந்தக் கைக்கு வேலைத் தட்டுப்பாடு வராது.

லெய்த் தெருவில் இருக்கும் சியோங் ஃபாட் ட்சே மாளிகையை நீங்கள் வெளியிலிருந்தாவது பார்த்திருப்பீர்கள். அதன் நீலம், சுண்ணாம்பில் அவுரி கலந்து அடித்தது. இடிந்து போகும் நிலையிலிருந்த அதை 1990 வாக்கில் வாங்கியவர்கள் ஆண்டுக்கணக்கில் பழுதுபார்த்தார்கள். 2000ஆம் ஆண்டில் அந்த வேலைக்கு யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் பாரம்பரிய விருது கிடைத்தது. இன்று அது விடுதியாக வருமானம் தருகிறது. அந்த அளவில் நீங்கள் செய்யப் போவதில்லை. ஆனாலும் பழைய வீட்டில் பணம் பார்த்தவர்கள் எத்தனை ஆண்டுகள் பொறுத்திருந்தார்கள் என்பதையும் உங்கள் இரண்டு ஆண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

வீட்டைப் பார்க்கப் போகும்போது வெயில் நேரத்தில் முகவரோடு போகாதீர்கள். நல்ல மழை பெய்து விட்ட மறுநாள் காலை, ஒரு கைவிளக்கும் பழைய திருப்புளியும் எடுத்துக்கொண்டு போங்கள். கூரையைக் கீழிருந்து பார்க்காமல் மாடிக்கு ஏறி, கைமரங்களுக்கும் ரீப்பர்களுக்கும் இடையில் வெளிச்சம் புள்ளி புள்ளியாகத் தெரிகிறதா, புதிய நீர்க்கறை இருக்கிறதா என்று பாருங்கள். உத்தரம் சுவருக்குள் நுழையும் இடத்தில் திருப்புளியின் முனையை அழுத்துங்கள். செங்கால் என்னும் கடின மரம் நல்ல நிலையில் இருந்தால் முனை வழுக்கும். பிட்டுக்குள் போவதுபோல் இறங்கினால் அந்த உத்தரத்தை மாற்ற வேண்டும். பக்கத்து வீட்டோடு பகிரும் பொதுச் சுவரில் இடுப்பளவுக்கு அலைபோன்ற கறைக்கோடு தெரிந்தால் கைவிரலால் துடைத்துப் பாருங்கள். தெரு பலமுறை தார் போடப்பட்டு உயர்ந்ததால் கடைவீட்டின் முன்னாலுள்ள ஐந்தடி நடைபாதை இப்போது சாலையைவிடத் தாழ்ந்திருக்கிறதா என்பதையும், பின்சந்துப் பக்கம் கட்டிய அடுப்பங்கரை அங்கீகரிக்கப்பட்ட வரைபடத்தில் இருக்கிறதா என்பதையும் கவனியுங்கள். மண்ணால் ஆன மெல்லிய குழாய்போல் சுவரில் ஏறும் கரையான் பாதையைக் கண்டால் உடைத்துப் போட்டுவிட்டு மறுவாரம் போய்ப் பாருங்கள். மறுபடியும் கட்டியிருந்தால் உள்ளே கூட்டம் உயிரோடு இருக்கிறது. ஒருமுறை மருந்து தெளிப்பதால் அது தீராது. இரை வைத்துக் கூட்டத்தையே அழிக்கும் முறைக்குச் சில மாதம் பிடிக்கும், பக்கத்து வீட்டுக்காரரும் சேர்ந்து செய்தால்தான் நிலைக்கும். மாடியறைகள் முன்பு உண்ணும் குருவிக்கூட்டு வளர்ப்புக்கு விடப்பட்டிருந்தனவா என்றும் கேளுங்கள். அப்படி விடப்பட்ட வீடுகளில் ஆண்டுக்கணக்கில் வேண்டுமென்றே ஈரம் ஏற்றி, சன்னல்களையும் அடைத்து வைத்திருப்பார்கள். சுவரும் மரமும் அதற்கு ஏற்றபடிதான் இருக்கும்.

நீங்கள் எழுதியதை மட்டும் வைத்து, வீட்டைப் பார்க்காமல் சொல்கிறேன்: கூரையைப் பிரித்து மேய்வது, உத்தர முனைகள், மின்கம்பி முழுவதையும் புதிதாக இழுப்பது, துருப்பிடித்த இரும்புத் தண்ணீர்க் குழாய்களை மாற்றுவது, சுண்ணாம்பு வேலை, மரச் சன்னல்களைச் செப்பனிடுவது, வரைபடக் கட்டணம் எல்லாம் சேர்த்து 3 லட்சத்துக்குக் குறைய வழியில்லை. மருமகனின் 1 லட்சத்து 80 ஆயிரத்தில் கூரையைப் பற்றிய பேச்சே இல்லை என்பதையும் கவனித்தேன். கூரை வேலையை ஆண்டின் தொடக்கத்தில், மழை குறைந்த மாதங்களில் வைத்துக்கொள்வது நல்லது. செப்டம்பர், அக்டோபரில் பினாங்கில் ஓட்டைப் பிரித்து வைத்துவிட்டு வானத்தை நம்பி இருக்க முடியாது.

இப்போது பணக் கணக்கு. கடன் போக நீங்கள் கையிலிருந்து போடுவது 2 லட்சத்து 94 ஆயிரம். உரிமை மாற்றத்துக்கான முத்திரை வரி, முதல் 1 லட்சத்துக்கு 1 விழுக்காடு, அடுத்த 4 லட்சத்துக்கு 2 விழுக்காடு, மீதிக்கு 3 விழுக்காடு என்ற வீதத்தில் 23,400 ரிங்கிட். கடன் பத்திர முத்திரை, விற்பனை ஒப்பந்தத்துக்கும் கடனுக்குமான வழக்கறிஞர் கட்டணங்கள், மதிப்பீடு ஆகியவற்றையும் சேர்த்தால் 50 ஆயிரத்தை எட்டும். ஆக, செங்கல் ஒன்றைத் தொடுவதற்கு முன்பே 3 லட்சத்து 44 ஆயிரம் போய்விடும். உங்கள் கையில் மிஞ்சுவது 2 லட்சத்து 6 ஆயிரம். மருமகன் சொன்ன தொகையே முடிவான தொகை என்று வைத்துக்கொண்டாலும் மீதி 26 ஆயிரம்தான். கடன் வட்டி ஆண்டுக்கு 4.5 விழுக்காடு என்று கொண்டால் 6 லட்சத்து 86 ஆயிரத்துக்கு 13 ஆண்டுத் தவணை மாதம் ஏறத்தாழ 5,800 ரிங்கிட் வரும். அந்த 26 ஆயிரம் ஐந்து மாதத் தவணைக்குக்கூடக் காணாது. நான் மேலே சொன்ன பதினான்கு மாதத்துக்கு 81 ஆயிரம் தேவை. உண்மையான பழுதுபார்ப்புச் செலவு 3 லட்சமானால் வேலை பாதியில் நின்றுவிடும். கூரை பிரித்த நிலையில் பாதியில் நின்ற கடைவீட்டுக்குப் பிற்பாடு ஆகும் சேதத்தை நான் உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

கஃபேக்கு 4,500 ரிங்கிட்டுக்கு விட்டாலும், தவணைக்கு மாதந்தோறும் 1,300 ரிங்கிட் உங்கள் பையிலிருந்து போகும். நிலவரி, மாநகர் மன்ற மதிப்பீட்டு வரி, காப்புறுதி எல்லாம் அதற்கு மேல். மொத்த முதலீடு 13 லட்சத்து 30 ஆயிரம் என்று வைத்தால் ஆண்டு வாடகை 54 ஆயிரம், அதாவது 4 விழுக்காட்டுக்குச் சற்று மேல்; அதுவும் ஒரு மாதம்கூடக் கடை காலியாக இல்லாமல், ஒரு ஓடுகூட உடையாமல் இருந்தால். நீங்கள் பணத்தை எடுக்கப் போகும் ஊழியர் சேமநிதி 2024ஆம் ஆண்டுக்கு வழக்கமான கணக்கில் 6.30 விழுக்காடு இலாப ஈவு கொடுத்தது. வாடகை ஏறும், வீட்டின் மதிப்பும் ஏறும் என்று வாதாடலாம்; ஏறலாம்தான். ஆனால் ஓய்வுபெற்ற ஒருவர் மாதம் 5,800 ரிங்கிட் தவணையைத் தலையில் சுமந்துகொண்டு அந்த ஏற்றத்துக்காகக் காத்திருப்பதை என்னால் ஆதரிக்க முடியவில்லை.

இரண்டு ஆண்டில் விற்பது இன்னும் மோசமான கணக்கு. சொத்து ஆதாய வரி, வாங்கிய மூன்று ஆண்டுக்குள் விற்றால் 30 விழுக்காடு, நான்காம் ஆண்டில் 20, ஐந்தாம் ஆண்டில் 15. ஆறாம் ஆண்டிலிருந்து மலேசியக் குடிமகனான தனிநபருக்கு வரியே இல்லை. நீங்கள் நினைத்தபடி 14 லட்சத்து 50 ஆயிரத்துக்கே விற்றுவிட்டதாகக் கொள்வோம். வாங்கிய விலை, வாங்கும்போது ஆன முத்திரைவரி, ஒப்பந்தச் செலவு 35 ஆயிரம், முகவருக்கு 3 விழுக்காடாக 43,500, பழுதுபார்ப்பு 3 லட்சம் ஆகியவற்றைக் கழித்தால் ஆதாயம் 91,500. 10 ஆயிரம் அல்லது ஆதாயத்தில் 10 விழுக்காடு, இரண்டில் அதிகமானது விலக்கு; இங்கே 10 ஆயிரம் போக மீதிக்கு 30 விழுக்காடு என்றால் வரி 24,450. எஞ்சிய 67 ஆயிரத்தில் இரண்டு ஆண்டுக் கடன் வட்டி 58 ஆயிரமும், கடன் பத்திரச் செலவு 12 ஆயிரமும் போக, கையில் ஒன்றும் மிஞ்சாது. இரண்டு மூவாயிரம் கைநட்டம். கடன் ஒப்பந்தத்தில் மூன்று ஆண்டுக்குள் முடித்தால் அபராதம் என்ற விதி இருந்தால் அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இரண்டு ஆண்டு உழைத்து, இரண்டு ஆண்டு தூக்கம் இழந்து கிடைப்பது இது.

இங்கே மருமகனைப் பற்றி இன்னொன்றையும் சொல்ல வேண்டியிருக்கிறது. சொந்தக்காரர் என்பதால் ரசீது இல்லாமல் ரொக்கமாகக் கொடுத்து வாங்கும் பழக்கம் நம் குடும்பங்களில் அதிகம். மேற்சொன்ன 3 லட்சத்தில் 2 லட்சத்துக்கு ரசீது இல்லையென்றால் அந்தச் செலவைக் கழிக்க முடியாது. வரி 24,450க்குப் பதிலாக 78,705 ஆகிவிடும். ரசீதுத் தாள்களின் விலை மட்டும் 54 ஆயிரத்துக்கு மேல். ஆகவே அவர் கட்டுமானத் தொழில் மேம்பாட்டு வாரியத்தில் பதிவு பெற்றவரா என்று பாருங்கள். வேலைகளைப் பகுதி பகுதியாகப் பிரித்து எழுதிய ஒப்பந்தமும், ஒவ்வொரு பகுதி முடிந்ததும் ரசீதோடு பணமும் என்று முதலிலேயே பேசிவிடுங்கள். ஐந்து விழுக்காட்டையாவது ஒரு மழைக்காலம் முடியும்வரை நிறுத்தி வையுங்கள். அக்காள் மனம் கோணுமே என்று தயங்கினால், வேலையை வெளியாருக்குக் கொடுத்துவிடுவது உறவுக்கு நல்லது.

அப்படியென்றால் வாங்கவே கூடாதா என்று கேட்பீர்கள். விலையும் காலமும் மாறினால் வாங்கலாம். பரிசோதனை அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு, கூரைக்கும் உத்தரத்துக்கும் ஆகும் செலவை எண்ணிக்கையாகக் காட்டி விலையைக் குறைக்கச் சொல்லுங்கள். இப்படிப் பழுதுள்ள வீட்டுக்கு உரிமையாளர்கள் சொல்லும் முதல் விலையிலேயே பிடிவாதமாக நிற்பதை நான் அதிகம் பார்த்ததில்லை. உங்கள் பிள்ளைகளில் வேலையில் இருக்கும் ஒருவர் கூட்டாளியாகச் சேர்ந்தால் கடன் காலம் நீளும், தவணை குறையும். குறைந்தது ஆறு ஆண்டு வைத்திருக்க மனமும், பழுதுபார்ப்புக்கு 3 லட்சமும், அதற்கு மேல் ஓராண்டுத் தவணையும் தனியாக இருந்தால் அடுத்த அடி எடுத்து வையுங்கள். இல்லையென்றால் இந்த வீடு இப்போது உங்களுக்கானதல்ல. முன்பணம் கொடுப்பதற்கு முன், நிலப்பட்டாவில் உரிமையாளர் தனிநபரா, அறக்கட்டளையா என்பதையும் வழக்கறிஞர் வழியாகப் பார்த்துக்கொள்ளுங்கள். கோயில், வக்ஃபு, சீனக் கோங்சி (குலச் சங்கம்) ஆகியவற்றின் வீடுகள் நகரின் இந்தப் பகுதிகளில் நிறைய. அவற்றில் கிடைப்பது பெரும்பாலும் குத்தகை உரிமைதான்.

கடைசியாக மாடியில் இருக்கும் பெரியவர். வாடகைக் கட்டுப்பாடு நீங்கி 2000ஆம் ஆண்டு பிறந்தபோது இந்த நகரில் எத்தனையோ குடும்பங்கள் ஒரே மாதத்தில் சாமான்களைத் தெருவில் இறக்கியதை நான் கண்டவன். ஆகவே "தாமாகவே போய்விடுவார்" என்ற முகவரின் பேச்சை என்னால் இலேசாக எடுத்துக்கொள்ள முடியவில்லை. சட்டப்படியும் அது இலேசானதல்ல. வாடகைதாரர் வெளியேற மறுக்கும் வீட்டில் நீங்கள் பூட்டை மாற்றவோ, தண்ணீரையும் மின்சாரத்தையும் துண்டிக்கவோ முடியாது. அவரை வெளியேற்ற 1950ஆம் ஆண்டின் குறிப்பிட்ட நிவாரணச் சட்டப்படி நீதிமன்ற ஆணை வேண்டும். வழக்குக்கு ஆகும் மாதங்களை அந்தப் பதினான்கு மாதத்தோடு சேர்த்துக்கொள்ளுங்கள். விற்பனை ஒப்பந்தத்தில் "காலியான நிலையில் ஒப்படைத்தல்" என்ற விதி இருக்க வேண்டும். அவருக்குரிய அவகாசத்தையும் இடமாற்றச் செலவையும் இப்போதைய உரிமையாளரே எழுத்தில் ஏற்க வேண்டும். பெரியவர் கீழ்த்தளத்தின் முன்பக்கத்தில் ஒரு சிறு மேசையோடு தொடர்ந்து இருக்க விரும்பினால் அதையும் தள்ளிவிடாமல் யோசித்துப் பாருங்கள். கடிகாரம் பழுதுபார்ப்பவர் முகப்பில் உட்கார்ந்திருப்பதைக் கஃபே நடத்துபவர் வேண்டாம் என்று சொல்லமாட்டார் என்பது என் ஊகம்.

எப்படியானாலும், முன்பணம் கொடுப்பதற்கு முன் முகவர் இல்லாத நேரத்தில் அந்தப் பெரியவரைப் போய்ப் பாருங்கள். எந்த மூலையில் வாளி வைக்கிறார், எந்த மாதத்தில் எந்தச் சுவர் வியர்க்கிறது, மாடியில் எந்தப் பலகையைத் தாண்டி நடக்கிறார் என்று கேளுங்கள். அவர் சொல்வதைத் தாளில் குறித்துக்கொண்டு வந்து, பரிசோதிக்க வரும் அளவையாளரிடம் கொடுங்கள். திருப்புளியை எங்கே வைத்து அழுத்த வேண்டும் என்பது அவருக்கு அதிலேயே தெரிந்துவிடும்.